கண்ணுக்குள் வந்த செல்கள் எப்படி விடைபெறுகின்றன

பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பச்சிக்கு 56 வயது. இரண்டு ஆண்டுகளில் மூன்றாவது முறையாக வலது கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வையும் மங்கியிருக்கிறது. யுவைட்டிஸ், அதாவது கண்ணின் நடு அடுக்கில் வரும் அழற்சி, என்று சொல்லிய மருத்துவர் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்து, இம்முறை வாரம் ஒருமுறை சாப்பிட மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் சேர்த்திருக்கிறார். தம்பியின் ஐயங்கள் மூன்று. இந்த மருந்துகள் நோய் எதிர்ப்பு செல்களைச் சாகடிக்கும் என்கிறார்களே, அது உடம்பைப் பலவீனப்படுத்தாதா? உள்ளே வரும் செல்களைக் கொல்லும் ஆற்றல் கண்ணுக்கே உண்டு என்று படித்தேன், அப்படியானால் நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? நான்கே நாளில் சிவப்பு போய்விட்ட பிறகும் இரண்டு மாதம் சொட்டு மருந்து விடவேண்டும் என்பது எதற்கு?

மூன்றும் ஒரே முடிச்சின் மூன்று நுனிகள். அழற்சி என்பது வெள்ளணுக்கள் ஓரிடத்திற்கு வந்து சேர்வது என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். அது பாதிக் கதையே. வந்தவை என்ன ஆகின்றன, எத்தனை நாள் தங்குகின்றன, எப்படிச் சாகின்றன, செத்தபின் அவற்றை யார் அள்ளுகிறார்கள் என்பவையே கண் நோயில் பார்வை தப்புமா போகுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. காரைக்குடியில் பல ஆண்டுகளாகக் கண் பார்த்து வருகிற எனக்கு, புத்தகத்தில் படித்ததைவிட இதை நோயாளிகளின் கண்ணுக்குள் பார்த்ததே அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

முதலில் அந்தக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். நம் வளவு வீடுகளில் காலை ஒன்பது மணிக்கு முற்றத்திலிருந்து இருட்டுப் பட்டாலைக்குள் வெயில் சாய்வாக விழும்போது, அந்தக் கற்றைக்குள் மட்டும் தூசி மிதப்பது தெரியும்; கற்றைக்கு வெளியே காற்று சுத்தமாக இருப்பதுபோலத் தோன்றும். ஸ்லிட் லாம்ப் என்னும் கருவியில் நாங்கள் செய்வதும் இதேதான். அறையை இருட்டாக்கி, ஒரு மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒளிக்கற்றையைக் கருவிழியின் வழியாகக் கண்ணின் முன்னறைக்குள், அதாவது கருவிழிக்கும் அதன் பின்னுள்ள கருவிழித்திரைக்கும் இடையே திரவம் நிறைந்த இடத்திற்குள், செலுத்துகிறோம். ஆரோக்கியமான கண்ணில் அந்தக் கற்றை கறுப்பாக, வெறுமையாக இருக்கும். யுவைட்டிஸ் கண்ணில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் மெல்ல மிதந்து, கருவிழியை ஒட்டிய பக்கம் கீழிறங்கி, கருவிழித்திரையின் பக்கம் மேலேறும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வெள்ளணு. அந்தச் சிறு பரப்பில் 6 முதல் 15 இருந்தால் 1+, 16 முதல் 25 வரை 2+, 26 முதல் 50 வரை 3+, அதற்கு மேல் 4+ என்று குறிக்கிறோம். 2005-இல் கண் மருத்துவர்கள் கூடி வகுத்த இந்த அளவுகோலே இன்றும் வழக்கில் இருக்கிறது. அப்பச்சியின் சீட்டில் ‘செல்ஸ் 2+’ என்று எழுதியிருந்தால், மருத்துவர் உட்கார்ந்து எண்ணிய எண்ணிக்கை அது.

அந்த முன்னறை மிகச் சிறியது. அதில் இருக்கும் திரவம் கால் மில்லி லிட்டர் அளவே. நிமிடத்திற்கு இரண்டு மூன்று மைக்ரோ லிட்டர் வீதம் புதுத் திரவம் சுரந்து, பழையது வடிகாலில் இறங்கிக்கொண்டே இருப்பதால், ஏறத்தாழ நூறு நிமிடத்தில் மொத்தமும் மாறிவிடுகிறது. அப்படியிருக்க, வாரக்கணக்கில் செல்கள் மிதக்கின்றன என்றால், வெளியேறுவதைவிடவும் சாவதைவிடவும் வேகமாகப் புதியவை வருகின்றன, அல்லது வந்தவை சாக மறுக்கின்றன என்பதுதானே பொருள்.

கண் இந்த விருந்தாளிகளை இயல்பாகவே விரும்புவதில்லை. 1948-இல் பீட்டர் மெடவர், முயலின் கண் முன்னறைக்குள் வேறொரு முயலின் தோல் துண்டை வைத்துப் பார்த்தார். உடலின் மற்ற இடங்களில் சில நாட்களிலேயே நிராகரிக்கப்படும் அந்தத் துண்டு, இரத்தக் குழாய்கள் அதற்குள் வளராதவரை அங்கே பிழைத்துக் கிடந்தது. நோய் எதிர்ப்பு மண்டலம் இங்கே அடக்கி வாசிக்கிறது என்று அதிலிருந்து புரிந்தது. சாதாரணக் காயத்திற்கு வருவதுபோல வெள்ளணுக்கள் பெருவாரியாக வந்து இறங்கினால், ஒளி ஊடுருவ வேண்டிய திசுக்கள் மங்கிவிடும். விழித்திரையின் நரம்பு செல்களோ செத்தால் மறுபடி முளைப்பதில்லை. எனவே காவல்காரனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டிய இடமாகவே கண் அமைந்திருக்கிறது.

கையை எப்படிக் கட்டுகிறது என்பதற்கு ஒரு விடை 1995-இல் கிடைத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தாமஸ் கிரிஃபித், தாமஸ் ஃபெர்கசன் ஆகியோரும் அவர்களுடைய கூட்டாளிகளும் எலிகளின் கண் முன்னறையில் ஹெர்பிஸ் வைரஸைச் செலுத்தினார்கள். வைரஸைத் தேடி வெள்ளணுக்கள் வந்தன. வந்தவை அங்கேயே ஒழுங்காகச் செத்தன, அழற்சி பரவவில்லை. ஃபாஸ் லைகண்ட் என்னும் ஒரு புரதம் சரியாக வேலை செய்யாத எலி இனத்தில் அதே சோதனையைச் செய்தபோது செல்கள் சாகாமல் குவிந்து, கண் முழுக்க அழற்சி பரவியது. கருவிழியின் உட்படலம், கருவிழித்திரை, விழித்திரை ஆகியவற்றின் செல்கள் இந்த ஃபாஸ் லைகண்டைத் தம் மேற்பரப்பில் ஏந்தி நிற்கின்றன. கிளர்ச்சியுற்று உள்ளே வரும் டி செல்கள் என்ற வகை வெள்ளணுக்களின் மேல் ஃபாஸ் என்னும் ஏற்பி இருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொண்டால் உள்ளே காஸ்பேஸ் என்னும் நொதிகள் ஒன்றையொன்று தூண்டி, அந்த டி செல் தன்னைத்தானே கலைத்துக்கொள்கிறது. 1997-இல் எலிகளில் நடந்த கருவிழி மாற்றுச் சோதனையும் இதையே காட்டியது. ஃபாஸ் லைகண்ட் உள்ள கருவிழிகளில் ஏறத்தாழ பாதி ஒட்டிக்கொண்டன. அது இல்லாத கருவிழிகள் அநேகமாக எல்லாமே நிராகரிக்கப்பட்டன. தம்பி படித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

செல் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும் இந்த வகைச் சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர். 1972-இல் கெர், வைலி, கரி என்ற மூவர் வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் இலை உதிர்வதைக் குறிக்கும் சொல். எனக்கோ உதிரும் இலையைவிடப் பந்தியில் மடிக்கும் இலைதான் பொருத்தமாகப் படுகிறது. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்தவர் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தால், மிச்சம் மீதி எல்லாம் மடிப்புக்குள் அடங்கிவிடும். அடுத்த பந்திக்குள் இலை எடுப்பவர் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போய்விடுவார். அப்போப்டோசிஸில் செல் சுருங்கி, கருத் துண்டுதுண்டாகி, உள்ளிருக்கும் நொதிகள் சவ்வுக்குள்ளேயே பொட்டலமாகக் கட்டப்படுகின்றன. சவ்வின் உட்புறம் இருக்கவேண்டிய ஒரு கொழுப்பு மூலக்கூறு வெளிப்புறம் திரும்பி, ‘என்னை அள்ளிக்கொள்’ என்று சைகை காட்டும். மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல் வந்து அதை முழுதாக விழுங்கிவிடும். இதில் நான் முக்கியமாகக் கருதுவது அடுத்து நடப்பது. இப்படிப் பொட்டலமாக வந்த பிணத்தை விழுங்கிய மேக்ரோஃபேஜ், அழற்சியை அடக்கும் டிஜிஎஃப்-பீட்டா, இன்டர்லூகின்-10 போன்ற பொருள்களைச் சுரக்கிறது. ஆக, ஒழுங்காகச் செத்த ஒரு வெள்ளணு சும்மா போவதில்லை, மற்றவர்களையும் கலைந்து போகச் சொல்லிவிட்டே போகிறது.

இலையை மடிக்காமல் எழுந்து, அதுவும் கிழிந்து, சாம்பாரும் பாயசமும் பட்டாலைத் தளமெங்கும் ஓடினால் என்ன ஆகுமோ அதுவே மற்ற வகைச் சாவுகளில் ஆகிறது. சவ்வு கிழிந்து, உள்ளிருந்த நொதிகள் திசுவின் மேல் கொட்டுகின்றன. பைரோப்டோசிஸ் என்ற வகையில், காஸ்டர்மின்-டி என்னும் புரதம் சவ்வில் ஓட்டை போட, அதன் வழியே இன்டர்லூகின்-1 பீட்டா வெளியேறி மேலும் வெள்ளணுக்களை அழைக்கிறது. அந்தப் புரதத்தின் வேலை தெளிவானதே 2015-இல்தான். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு இன்னொரு விதமாகவும் சாகும். தன் மரபுப்பொருளையே நூல்நூலாக வெளியே வீசி, வலை விரித்துவிட்டுச் சாகும் இந்த முறை 2004-இல் விவரிக்கப்பட்டது. அந்த வலை கிருமியைச் சிக்கவைக்கும், சந்தேகமில்லை. ஆனால் வலையில் ஒட்டியிருக்கும் எலாஸ்டேஸ் போன்ற நொதிகள் கிருமி, சொந்தத் திசு என்று பார்ப்பதில்லை. இரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாகிக் கண்ணையும் தாக்கும் பெசெட் என்ற நோய் உள்ளவர்களின் நியூட்ரோஃபில்கள் இப்படி வலை வீசுவதற்கு மற்றவர்களுடையதைவிட எளிதில் தயாராகின்றன.

பெசெட் என்றதும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. அந்நோய் உள்ளவர் நிமிர்ந்து உட்கார்ந்தால், கருவிழிக்குப் பின்னே, முன்னறையின் அடியில் பால் ஏடு படிந்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு நேராக நிற்கும். தலையைச் சாய்க்கச் சொன்னால் அந்தக் கோடும் மெல்லச் சாயும். ஹைப்போபியான் எனப்படும் அந்த ஏடு முழுக்க நியூட்ரோஃபில்களால் ஆனது. உடம்பின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. அவற்றின் ஆயுள் பொதுவாக ஒரு நாளை ஒட்டியதே. அதனால் அந்த ஏடு சில நாட்களில் கரைந்துவிடும். கரைந்தது ஏடுதான், அவை விட்டுப்போன நொதிகளின் வேலை அல்ல என்பதைப் பிறகு அவருடைய விழித்திரையைச் சோதிக்கும்போது நாங்கள் தெரிந்துகொள்வோம்.

நம் பக்கத்து விவசாயிகளுக்கு இதே ஏடு வேறொரு காரணத்தாலும் வருவதுண்டு. 1993-இல் மதுரைப் பகுதியில் பெருவெள்ளம் வந்ததைத் தொடர்ந்து லெப்டோஸ்பைரா கிருமியால் யுவைட்டிஸ் கொத்தாகப் பரவியது. அப்போதைய 73 நோயாளிகளைப் பற்றி அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 1997-இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் கண் மருத்துவர்களுக்குத் தெரிந்தது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரில் இறங்குபவர்களைத் தொற்றும் கிருமி அது. ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் பெருகி, வயலில் முழங்கால் சேற்றில் நின்றவர் காய்ச்சல் வந்து போன சில வாரங்களில் கண் சிவந்து வந்தால் நான் முதலில் அதைத்தான் கேட்பேன். அழற்சி மிகக் கடுமையாக இருந்தும் பெரும்பாலோருக்குப் பார்வை நன்றாகவே திரும்பிவிடுகிறது. அழைத்த காரணம் நீங்கியதும் வந்தவை செத்து மறைவதே இதற்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து. அப்பச்சிக்கு நடப்பது அதற்கு நேர் எதிரானது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கண்ணுக்குக் கொல்லும் ஆற்றல் இருந்தும் நோய் ஏன் திரும்புகிறது? 2004-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் யுவைட்டிஸ் நோயாளிகளின் முன்னறைத் திரவத்தில் டி செல்களை வைத்து ஆராய்ந்தார்கள். சாகவேண்டிய செல்கள் அந்தத் திரவத்தில் சாகாமல் இருந்தன. இன்டர்லூகின்-6 என்னும் பொருள், திரவத்தில் மிதக்கும் தன் ஏற்பியோடு சேர்ந்து டி செல்களுக்கு ‘பிழைத்திரு’ என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தது. கொல்லும் சமிக்ஞை ஒரு பக்கம், காப்பாற்றும் சமிக்ஞை மறுபக்கம். நாள்பட்ட நோயில் இரண்டாவது ஓங்கிவிடுகிறது. அதோடு, ஒருமுறை கண்ணுக்குள் வந்து விழித்திரைப் புரதத்தை எதிரியாக அடையாளம் கண்ட டி செல்களில் சில, நினைவு செல்களாக மாறித் திசுவுக்குள்ளேயே தங்கிவிடுவதும் விலங்குச் சோதனைகளில் தெரிகிறது. அடுத்த முறை சிறு தூண்டுதல் கிடைத்தாலும் ஆளனுப்பி மற்றவர்களை அழைக்க அவையே போதும்.

ஃபாஸ் லைகண்ட் கதை கேட்க அழகாக இருப்பதால் அதை மட்டும் நம்பிவிடக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைச் செயற்கையாக அதிகம் ஏந்தும்படி செய்த திசுக்களை மாற்றிப் பொருத்தியபோது, பாதுகாப்புக் கிடைப்பதற்குப் பதிலாக நியூட்ரோஃபில்கள் திரண்டு வந்து அவற்றை அழித்த சோதனைகளும் உண்டு. செல்லின் மேல் ஒட்டியிருக்கும் வடிவமும் கழன்று திரவத்தில் மிதக்கும் வடிவமும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. தொண்ணூறுகளில் எல்லா மாற்று அறுவைச் சிகிச்சைக்கும் இதுவே மருந்து என்று பேசப்பட்டது. அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

மருந்துகள் செய்வதை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும். ஸ்டீராய்டு, டி செல்களைச் சாவுக்குத் தள்ளுகிறது. புதியவை வருவதைக் குறைக்கிறது. மேக்ரோஃபேஜ்கள் பிணங்களை அள்ளும் வேகத்தைக் கூட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால் நியூட்ரோஃபில்களின் ஆயுளை அது குறைப்பதில்லை, நீட்டவே செய்கிறது. ஆகவே அதை வெறும் ‘செல் கொல்லி’ என்று சொல்வது சரியல்ல. சொட்டு மருந்தாக விடும்போது அதன் வேலை பெரும்பாலும் கண்ணோடு நின்றுவிடுவதால், அப்பச்சியின் உடம்பு முழுவதும் எதிர்ப்புச் சக்தி இழந்துவிடும் என்ற பயம் வேண்டாம். சொட்டு மருந்தின் உண்மையான ஆபத்து வேறு. நாள்பட விட்டால் லென்ஸின் பின்புறம் புரை விழும். சிலருக்குக் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறி நரம்பைத் தின்னும். மெத்தோட்ரெக்ஸேட் சேர்ப்பதே இந்த ஸ்டீராய்டைக் குறைக்கத்தான்.

குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட், கிளர்ச்சியுற்றுப் பெருகிக்கொண்டிருக்கும் டி செல்களையே முக்கியமாக அப்போப்டோசிஸுக்கு உள்ளாக்குகிறது. ஓய்ந்திருக்கும் செல்களை அந்த அளவுக்குத் தொடுவதில்லை. மதுரை அரவிந்த் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 216 நோயாளிகளை வைத்து நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் மெத்தோட்ரெக்ஸேட் எடுத்தவர்களில் 66.7 விழுக்காட்டினருக்கும், அதைவிட விலை கூடிய மைக்கோஃபினோலேட் எடுத்தவர்களில் 57.1 விழுக்காட்டினருக்கும் அழற்சி கட்டுப்பட்டது. விலை கூடிய மருந்து மேலானது என்று நிரூபணமாகவில்லை. எனவே உங்கள் மருத்துவர் மலிவானதைக் கொடுத்திருக்கிறார் என்று குறைப்படத் தேவையில்லை. ஆனால் மாத்திரை இரத்தத்தில் கலப்பது. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான். இவை இரண்டுக்கும் அடங்காதவர்களுக்கு அடலிமுமாப் என்ற ஊசி உண்டு. அமெரிக்காவில் 2016-இல் யுவைட்டிஸுக்கு அனுமதி பெற்றது. அது தடுக்கும் டிஎன்எஃப் என்னும் பொருளே நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைக் கட்டிவைத்திருப்பது. நம் நாட்டில் காசநோய்ச் சோதனை செய்யாமல் அந்த ஊசியைத் தொடக்கூடாது. கிருமியால் வந்த யுவைட்டிஸாக இருந்தால், கிருமிக்கு மருந்து கொடுக்காமல் காவலர்களை மட்டும் சாகவிடுவது வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம். தொடக்கத்தில் அத்தனை இரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்ததற்குக் காரணம் அது.

மூன்றாவது கேள்விக்கு நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். கண்டனூர்ப் பக்கம் சிறு கடை வைத்திருப்பவர். கண் வெளுத்ததும் ஐந்தாம் நாளே சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். மறுபடி சிவந்ததும் மருந்துக்கடையில் அதே மருந்தைச் சீட்டில்லாமல் வாங்கி இரண்டு நாள் விட்டு, மறுபடி நிறுத்தினார். இப்படி நான்கு முறை. என்னிடம் வந்தபோது வட்டமாக இருக்கவேண்டிய கண்ணின் பாவை ஐந்திதழ்ப் பூவைப்போல இருந்தது. கருவிழித்திரையின் ஓரம் ஐந்து இடங்களில் லென்ஸோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் வெளியே சிவப்பு மறைந்தபோது உள்ளே பத்துப் பன்னிரண்டு செல்களாவது மிதந்துகொண்டு இருந்திருக்கும். கண்ணாடியில் பார்த்த அவருக்கு அது எப்படித் தெரியும்? சிவப்பு என்பது வெளிப்புறத்து இரத்தக் குழாய்கள் விரிந்திருப்பது. அது முதலில் அடங்கும். உள்ளே இருக்கும் செல்கள் சாவதும், செத்தவை அள்ளப்படுவதும், கருவிழியின் உட்புறம் ஒட்டிய கட்டிகள் கரைவதும் வாரக்கணக்கில் நடப்பவை. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், சாகும் தறுவாயில் இருந்த டி செல்களுக்குப் ‘பிழைத்திரு’ என்ற குரல் மறுபடி கேட்கும். அதனால்தான் மணிக்கு ஒரு சொட்டு என்று தொடங்கி, முன்னறையில் ஒரு செல்லும் தென்படாத நிலை வந்த பிறகும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகிறோம்.

நடைமுறையில் இரண்டு சொல்கிறேன். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் சாப்பிட்டு உயிருக்கு ஆபத்தாக முடிந்தவர்கள் உண்டு. ஒரு கிழமையை முடிவு செய்து, அந்த ஒரு நாளைத் தவிர மாத்திரை அட்டை அப்பச்சியின் கைக்கு எட்டாமல் இருப்பது நல்லது. ஃபோலிக் அமிலம் எந்த நாளில் என்பதை மருத்துவரிடம் கேட்டு அதையும் தனியே குறித்துவையுங்கள். மற்றொன்று, அடுத்த முறை போகும்போது ‘கண் எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள். ‘செல் எவ்வளவு, கண் அழுத்தம் எவ்வளவு’ என்று கேளுங்கள். வரவு செலவு எழுதாத வீடு நம் பக்கத்தில் அநேகமாகக் கிடையாது. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே தேதி, எத்தனை வேளை சொட்டு, செல் 2+ அல்லது 1+, அழுத்தம் எவ்வளவு என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வந்தால், மருந்தைக் குறைத்த எந்தப் படியில் செல்கள் மறுபடி தலைகாட்டின என்பது மூன்றாவது நான்காவது வரியிலேயே தெரிந்துவிடும். என்னிடம் வருபவர்களில் இப்படி எழுதிக் கொண்டுவருபவர்களுக்கு அந்தப் படியிலேயே கொஞ்சம் கூடுதலாக நிறுத்திவைத்து மருந்தைக் குறைக்க எனக்கு எளிதாக இருக்கிறது.